வெட்டிய பூட்டு

மூன்றாவது கல்லறையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தாறு படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். அந்தக் காலத்து ராஜாக்களுக்குக் கால் நீளமா, இல்லை செத்த பிறகாவது யாரும் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று கட்டிக்கொண்டார்களா, தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். ஊரில் பாதிப் பேரை மேலே கொண்டுபோய் விட்டவன். என்னைப் படியேற வைப்பதைப் போல ஓர் அவமானம் கிடையாது.

என் மனைவி எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் அவளுக்குச் சரியாக மடங்காது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் பட்டறையில் இருபது வருஷமாகக் காஜா எடுக்கிறாள். மெஷினை மிதித்து மிதித்தே அந்தக் கால் போய்விட்டது. இடது காலை வைப்பாள், சுவரைப் பிடிப்பாள், வலது காலை இழுத்துக்கொள்வாள். கை கொடுத்தால் தட்டிவிடுவாள்.

“இதுக்கு ஒரு லிஃப்ட் வெச்சிருக்கலாம்,” என்றேன்.

“நீங்க வெச்சுக் குடுங்களேன்.”

“வெக்கலாம். அப்புறம் மெயின்டனன்ஸ் யாரு பாக்கறது? உள்ள படுத்திருக்கறவரா?”

அவள் சிரிக்கவில்லை. முன்பு என்றால் இதற்கு இரண்டு நாள் சிரித்திருப்பாள், பட்டறையில் போய்ச் சொல்லி நாலு பேரையும் சிரிக்க வைத்திருப்பாள். இப்போது நான் பேசுவதெல்லாம் சுவரில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

எங்களுக்கு ஒரே பையன். எலும்பும் தோலுமாக இருப்பான், எங்கே விட்டாலும் ஏறிவிடுவான். அதனால் குருவி என்று பெயர் விழுந்து அதுவே நிலைத்துவிட்டது. பத்தொன்பது வயதில் என்னிடமே வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தைந்தில் திடீரென்று கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை என்று பெட்டியைக் கட்டினான். “நாலு ஊரு சுத்திப் பாக்கணும்மா” என்று அவளிடம் சொன்னான். நடுக்கடலில் போன் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனவன் ஒரு தடவையும் பேசவில்லை; ஏழு மாதம் கழித்துக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பல் காலையில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, சாயங்காலம் நாலு மணி வேலைக்கு அவன் வரவில்லை, கப்பல் முழுக்கத் தேடினார்கள், அன்றைக்கு அலை கடுமை, கடலில் தவறி விழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. அது நடந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன.

இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகை, உடல் கிடைக்காதவனுக்கும் உண்டு. முன்னால் எதுவும் இல்லாமலே வரிசையாக நின்று தொழுது, அவனை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிடலாம். நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். பெற்ற பிள்ளைக்கு அது கூடச் செய்யாமல் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், “செய்யலாம், தடையில்லை. ஆனா பெத்தவ மனசு ஒத்துக்கணும், அவசரப்படுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டார்.

பெத்தவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவன் விழுந்தத நீங்க பாத்தீங்களா?”

“கப்பல்காரங்க எழுதியிருக்காங்களேம்மா.”

“அவங்க பாத்தாங்களா?”

பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழிலின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் ஓடுகிற கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்கிறவன், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, அதில் ஆளுக்கு ஒரு நம்பர். பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது, தகப்பன் கேட்டாலும் கூடாது. போட்டவன்தான் எடுக்க வேண்டும். அவன் மறந்து வீட்டுக்கே போய்விட்டால் கூட, அந்த ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூட்டை வெட்டலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டுச் சமையலறைக்கே மனப்பாடம்.

“ஆளப் பாக்காம பூட்ட வெட்டக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க?” என்று அவள் கேட்டாள். “எம் புள்ளயப் பாக்காம என்ன மட்டும் வெட்டச் சொல்றீங்க.”

தான் சொன்னது நியாயம் என்பதால் நான் அடங்கிவிட்டேன் என்று அவள் நினைத்தாள்.

இந்தப் பயணம் ஹஜ்ரத் கொடுத்த யோசனை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் ஏழு இடங்களை எழுதிக் கொடுத்தார். எல்லாம் பழைய இடங்கள்: தர்காக்கள், ராஜாக்களின் கல்லறைகள், இடிந்த கோட்டைக்குள் இருக்கும் பள்ளிவாசல்கள். “கண்டவங்க பேச்சக் கேக்காதீங்கம்மா. போங்க, உக்காருங்க, அல்லாஹ்கிட்ட கேளுங்க. ஏழாவது இடம் கூரையில்லாத பள்ளி, அங்க இன்னும் மத்தியான லுஹர் தொழுகை நடக்குது. அதுக்குள்ள மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். சாஞ்சா அங்கயே தொழவெச்சுட்டு வாங்க. சாயலன்னா திரும்பி வாங்க, நா அப்புறம் பேச மாட்டேன்.” அவள் அதற்குச் சரி என்றாள். எனக்கும் வேறு வழியில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேலை என்ன இருக்கிறது, பஸ்ஸில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

முதல் தர்காவில்தான் பூட்டுச் சமாசாரம் ஆரம்பித்தது. பெரியவர் அடங்கியிருக்கும் கபரைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள். துருப்பிடித்தவை, புதிதாகப் பளபளப்பவை, சூட்கேஸ் பூட்டு அளவில் சின்னச் சின்னவை. வேண்டுதலை நினைத்துப் பூட்டிவிட்டுப் போவார்களாம், நிறைவேறினால் வந்து திறப்பார்களாம். வாசலில் ஒருவன் சாக்கை விரித்துப் பூட்டு விற்றுக்கொண்டிருந்தான். அவள் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி, கண்ணை மூடி, உதடு அசையாமல் எதையோ கேட்டு, பூட்டினாள். சாவியை என்னிடம் நீட்டினாள்.

“எங்கிட்ட எதுக்கு?”

“பூட்டு விஷயம் உங்களுக்குத்தான தெரியும். நீங்க பத்திரமா வெச்சுக்குவீங்க.”

வாங்கி என் தோல்பைக்குள் போட்டேன். பைக்குள் கையை விட்டபோது அடியில் கிடந்த அந்த இன்னொரு பூட்டு விரலில் பட்டது. சட்டென்று கையை வெளியே எடுத்தேன்.

இனிமேலும் மறைத்துப் பிரயோஜனம் இல்லை, சொல்லிவிடுகிறேன். அது குருவியின் பூட்டு. சிவப்பு, நம்பர் பதினேழு, மேலே வளைந்திருக்கும் கம்பி இரண்டாக வெட்டுப்பட்டது. வெட்டியவன் நான்.

அவன் கப்பலுக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்தது. எட்டு மாடி அலுவலகக் கட்டடம். அன்று காலை அவன் அரைமணி நேரம் தாமதமாக வந்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். தண்டம், வேலைக்கு லாயக்கில்லாதவன், என் மகன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றெல்லாம். நான் மொட்டை மாடி மெஷின் அறையில் வேலையாக இருந்தேன், அவன் வந்து தன் பூட்டைச் சுவிட்சில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான். மதியம் இரண்டரைக்கு என் பக்கத்து வேலை முடிந்தது. அவன் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டட மேனேஜர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து, மூன்று மணிக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், லிஃப்ட் ஓடியாக வேண்டும் என்று உயிரை வாங்கினார். குருவிக்கு போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. கிணற்றுக்குள் எட்டி ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. முறைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான், முன்பும் ஒரு தடவை இப்படிச் செய்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். எட்டு மாடி இறங்கிப் போய்க் கீழே குழியில் பார்த்திருக்க வேண்டும். அது சட்டம், நான் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். இறங்கவில்லை. வெட்டுக் கருவியை எடுத்து ஒரே அழுத்து. சுவிட்சைப் போட்டேன். லிஃப்டைக் கீழே அனுப்பினேன்.

அவன் குழியில்தான் இருந்தான். கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான், காதில் பஞ்சு. போன் மேலே, தரைத்தளத்தில் வைத்திருந்த பையில். எட்டு மாடி உயரத்திலிருந்து கூண்டு தன் தலைக்கு மேல் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறான். மூலையில் இருக்கும் குறுகிய இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டுகொண்டான். கூண்டு அவன் தலைக்கு ஒன்றரைச் சாண் மேலே நின்றது. எலும்பும் தோலுமாக இருந்ததால் பிழைத்தான்.

மேலே வந்தான். முகம் சாம்பலாக இருந்தது. தரையில் கிடந்த பூட்டை எடுத்துப் பார்த்தான். என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தான்.

“நா வெளிய நிக்கறதப் பாத்தீங்களாப்பா?” என்று கேட்டான்.

அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் எதிரில் சிரித்துக்கொண்டே இருந்தான், என்னிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளிடம் அவன் சொல்லவும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க ஆசை என்று அவளுக்கு ஒரு காரணம் சொன்னான், அதை நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வேறொருவன் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தியிருப்பேன். எனக்கு மூன்று மாதம் கழித்து மாலை போட்டு வழியனுப்பினார்கள், கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை நான் கட்டுவதில்லை.

இந்த ஏழு இடங்களில் ஏதாவது ஒன்றில் அவளிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். அதற்குத்தான் வெட்டிய பூட்டை எடுத்து வந்தேன். பக்கத்திலேயே என் பூட்டும் கிடந்தது, நம்பர் நாலு. ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இன்றைக்குச் சொல்லலாம் என்று காலையில் நினைப்பேன். மத்தியானத்துக்குள் ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒரு நாள் அவளுக்கு முழங்கால் வலி. இன்னொரு நாள் கூட்டம். ஒரு நாள் அவள் கொஞ்சம் நிம்மதியாகத் தெரிந்தாள், அதைக் கெடுப்பானேன் என்றிருந்தது.

மூன்றாவது இடத்தில் படியேறி முடித்ததும் ஒரு பெரிய கூடம். நடுவில் ராஜாவின் கல்லறை, சுற்றிலும் சின்னச் சின்னதாக ஒன்பது கல்லறைகள். ஒன்பதும் அவர் பிள்ளைகள் என்றார் காவல்காரர். அப்பாவுக்கு முன்னால் போனவர்களா, பின்னால் போனவர்களா என்று அவள் கேட்டாள்.

“ஆறு பேரு முன்னாலம்மா. அதுல ரெண்டு பேர இவரே கொன்னுட்டாருன்னு சொல்லுவாங்க. நாற்காலிச் சண்டை.”

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராஜாவின் கல்லறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பெத்த புள்ளயவா? எப்படிங்க மனசு வரும்?” என்று என்னிடம் கேட்டாள்.

தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று அந்த நாற்பத்தாறு படியையும் மறுபடி இறங்கினேன்.

நாலாவது இடம் ஒரு பெரியவரின் தர்கா. கபர் முப்பது அடி நீளம். வருஷத்துக்கு ஒரு விரல் அளவு வளர்கிறது என்று அங்கே நம்புகிறார்கள். கட்டடம் கட்டுகிறவர்களோடு காலம் தள்ளியவனுக்கு அளவு நாடாவின் குணம் தெரியும். ஆனால் அங்கே ஒரு மூலையில் பச்சைக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கே தெரியாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத ஆள் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இங்கே அழாதவர்கள்தான் வித்தியாசமாகத் தெரிவார்கள் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் புரிந்தது, நான் மகனுக்காக மட்டும் அந்தத் தொழுகையைக் கேட்கவில்லை. அது முடிந்துவிட்டால் நானும் விடுபட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு திருட்டு ஆசை இருந்தது. அவனை ஒப்படைத்துவிட்டால் அந்தக் கேள்வியையும் சேர்த்து ஒப்படைத்துவிடலாம் அல்லவா.

ஐந்தாவது இடத்தில் விடுதி அறை என்றால் இரண்டு கட்டிலும் ஒரு பல்பும்தான். அவள் துணி மடித்து வைப்பதற்காக என் பையைத் தூக்கினாள்.

“என்னங்க இது, இப்படிக் கனக்குது?”

“ஸ்பேனர்.”

“தர்காவுக்கு ஜியாரத் வந்த எடத்துலயுமா?” என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தாள். உள்ளே பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் என் பையை அவள் திறந்ததில்லை; அது வேலைப் பை, அதில் சாவி இருக்கும் என்று தெரியும். அவள் திறந்து பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். அவளை இல்லை, என்னைத்தான்.

ஆறாவது, ஊர் முழுக்க இடிந்த இடம். மண் தின்ற சுவர்கள், உள்ளே மரம் முளைத்த குளியல் அறைகள், ஆளுயரப் புல்லுக்குள் வரிசை வரிசையாகக் கல்லறைகள். பெயர் வெட்டிய கற்களை யாரோ பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டார்களாம். யார் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கல்லறைக்கு மட்டும் கம்பி வேலி இருந்தது. போகிற இடமெல்லாம் வாங்கிப் பூட்டி வந்தவள், அங்கே ஆறாவது பூட்டைப் போட்டாள், ஆறாவது சாவியைக் கொடுத்தாள். பிறகு ஓர் இடிந்த சுவர் மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“நா ரொம்ப யோசிச்சேங்க. கப்பலு அதுக்கு முந்தின நாள் ராத்திரி கரையிலதான நின்னுச்சு. எங்கயாவது எறங்கிப் போயிருப்பான்னுதான் இத்தன நாளா நெனச்சேன். யாரும்தான் பாக்கலியே. ஆனா எறங்கிப் போனவன் எனக்கு ஒரு போன் போட மாட்டானா? ரெண்டு வருஷமா பேசாம இருக்க அவனுக்கு என்ன காரணம்? எங்கிட்ட சண்ட போட்டானா? உங்ககிட்டதான் சண்ட போட்டானா? சிரிச்சுக்கிட்டேதான போனான். ஒரு காரணமும் இல்ல. காரணம் இல்லாம எம் புள்ள பேசாம இருக்க மாட்டான்.”

புல்லுக்குள் ஏதோ ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவன் இல்லீங்க,” என்றாள். “நாளைக்குத் தொழவெச்சுருவோம்.”

இரண்டு வருஷம் நாலு மாதமாக நான் கேட்க நினைத்த வார்த்தை. அவள் அழவில்லை. மறுநாள் எத்தனை மணிக்கு பஸ், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளூ செய்ய அங்கே தண்ணீர் இருக்குமா என்று விசாரித்தாள். அன்று முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்றும் தோன்றியது. அவள் மனசு ஒரு கரையில் ஒதுங்கிவிட்டது, நாளையோடு எல்லாம் முடிந்துவிடும், இனி எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ஏழாவது இடத்துக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். குன்றின் அடியில் பள்ளிவாசல். கூரை எப்போதோ விழுந்துவிட்டது. தூண்கள் மட்டும் நிற்கின்றன, அவற்றின் உச்சியில் புறாக்கள். மேகம் தாழ்ந்து இருட்டிக்கொண்டு வந்தது. வடக்குப் பக்கம் பழைய கபர் ஒன்று, சுற்றிலும் இரும்பு வேலி. வேலியில் பூட்டு எதுவும் இல்லை. பூட்டு விற்க அங்கே கடையும் இல்லை. அவள் வேலியைப் பார்த்துவிட்டு, “இங்க வேணாம்” என்று மட்டும் சொன்னாள்.

அங்கே இருந்த ஹஜ்ரத்துக்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். அவளைப் பார்த்து, “உங்க சம்மதமாம்மா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். லுஹர் தொழுகை முடிந்ததும் அவர் எழுந்து சொன்னார். சாலை போடுகிற ஆட்கள், ஒரு லாரி டிரைவர், காவல்காரர், பஸ்ஸில் எங்களோடு வந்தவர்கள் என்று இருபது பேர் இருக்கும். யாரும் போகவில்லை. முகம் தெரியாத ஒரு பையனுக்காகத் தோளோடு தோள் ஒட்டி மூன்று வரிசையாக நின்றார்கள். என்னை முதல் வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். அவள் பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஹஜ்ரத் எங்கள் பக்கம் திரும்பினார். எல்லா ஜனாஸாவிலும் கேட்பதைத்தான் கேட்டார். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் என்னைப் பார்த்துக் கேட்பதாக நினைத்ததில்லை.

“இந்தப் பிள்ளைக்கும் இங்க நிக்கறவங்களுக்கும் நடுவுல ஏதாவது மனக்கசப்பு இருந்தா, அவர் உங்களுக்குச் செஞ்சதோ நீங்க அவருக்குச் செஞ்சதோ, இப்ப தீர்த்துக்குங்க. மன்னிச்சுருங்க, மன்னிப்பு கேட்டுக்குங்க.”

யாருக்கும் அவனைத் தெரியாது. ஹஜ்ரத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திரும்பிக் கைகளைக் காது வரைக்கும் தூக்கினார்.

“இருக்கு,” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஹஜ்ரத் கையை இறக்கினார். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். சுவரோரம் வைத்திருந்த பையைத் திறந்து, வெட்டிய பூட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் அவளிடம் போனேன். அவள் கையில் வைத்தேன். நம்பர் பதினேழு என்று பார்த்ததுமே அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்த நம்பரை எழுதிய பெயின்ட் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வாங்கியது, எழுதியது அவள்.

நின்றபடியே சொன்னேன். காலையில் பேசிய பேச்சு, மேனேஜரின் போன், நான் இறங்காத எட்டு மாடி, ஒன்றரைச் சாண், அவன் கேட்ட கேள்வி. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டையே பார்த்தாள், வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். காஜா எடுத்த துணியில் நூல் சரியாக அமைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாளே, அப்படி. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“அப்ப காரணம் இருக்கு,” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“பேசாம இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுல ஒரே ஒரு போன், அதுவும் உங்க கையில. அடிச்சா நீங்கதான எடுப்பீங்க. அதான் அவன் அடிக்கல.” அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. இரண்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. “கோவத்துல இருக்கான். எங்கயோ எறங்கிப் போய் ஒக்காந்திருக்கான்.”

“அப்படி இல்லம்மா. கடல்ல அன்னிக்கி அலை…”

“நீங்க பாத்தீங்களா?”

என் பார்வை அவள் கையிலிருந்த பூட்டுக்குப் போனது.

“அன்னிக்கி ஆளப் பாக்காம வெட்டுனீங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. “இன்னிக்கும் ஆளப் பாக்காம வெட்டத்தான் என்னய இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்களா?”

ஹஜ்ரத் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். லாரி டிரைவர் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மகன் செத்ததற்கு ஆறுதலா, செத்தவனாகக் கூட இல்லாமல் போனதற்கா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அவள் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். குருவியின் பூட்டைக் கம்பியில் மாட்டிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட கம்பி நிற்காமல் கழன்று விழுந்தது. இன்னொரு தடவை மாட்டினாள். அதுவும் விழுந்தது.

“இத ஒட்டவெக்க முடியாதா?”

“முடியாது,” என்றேன். “வெட்டுனா வெட்டுனதுதான்.”

“கடை எங்க இருக்கு?”

“இங்க இல்ல.”

பையைத் திறந்து என் பூட்டை எடுத்தேன். நம்பர் நாலு. மழைத்துளி விழ ஆரம்பித்திருந்தது. வேலியின் கம்பியில் மாட்டி அழுத்தினேன். அந்த ‘டக்’ சத்தம் எனக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும். என் மகன் உயிரோடு இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தே, அவன் வர வேண்டும் என்று பூட்டினேன்.

அவள் முந்தானையில் குருவியின் பூட்டை முடிந்துகொண்டு, என் முன்னால் கையை நீட்டினாள். நான் அந்த ஆறு பித்தளைச் சாவிகளையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கையை மடக்கவில்லை.

“அதையும் குடுங்க,” என்றாள். “இனிமே சாவி உங்ககிட்ட வேணாம்.”

முப்பத்து நாலு வருஷத்தில் என் பூட்டின் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. எடுத்து அவள் கையில் வைத்தேன்.